நாகர்கோவிலில் கைத்தறி ஃபேஷன் ஷோ நடத்துவது எப்படி: லாகோஸும் டக்காரும் காட்டும் கணக்கு

ஃபேஷன் ஷோ நடத்தலாம் என்று முடிவானதும் முதலில் மேடைக்காரருக்குப் போன் போடுகிறார்கள். பிறகு டிஜே, பிறகு மேக்கப், பிறகு சிறப்பு விருந்தினர். தறிக்காரரிடம் பேச்சு கடைசியில் போகிறது. ஷோ கைதட்டலோடு முடியும். மறுவாரம் திருவனந்தபுரத்துக் கடைக்காரர் ஒருவர் கூப்பிட்டு "அந்த நீலச் சட்டை 200 வேண்டும், எப்போது கிடைக்கும்?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் நம் மாவட்டத்தில் சின்னச் செலவில் நல்ல ஷோ நடத்தலாம். எப்படி என்பதைக் கீழே சொல்கிறோம். கணக்குக்கு நாகர்கோவில் வடசேரித் தறியை எடுத்துக்கொள்வோம், முன்மாதிரிக்கு ஆப்பிரிக்காவை.

பாரிசும் மிலனும் நமக்குப் பயன்படாத உதாரணங்கள். அங்கே ஷோவுக்குப் பின்னால் பெரிய கம்பெனிகள் நிற்கின்றன. ஆப்பிரிக்காவில் நிலைமை கிட்டத்தட்ட நம்முடையதுதான்: சிறு தையலகங்கள், குடும்பத் தறிகள், மின்வெட்டு, மலிவு இறக்குமதித் துணியோடு போட்டி. யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி 54 ஆப்பிரிக்க நாடுகளில் 37 பருத்தி விளைவிக்கின்றன. துணி, ஆடை, காலணி ஏற்றுமதி ஆண்டுக்கு 1,550 கோடி டாலர். இறக்குமதியோ 2,310 கோடி டாலர். தொழிலில் இருப்பவர்களில் 90 சதவீதம் சிறு, நடுத்தர நிறுவனங்கள். கண்டம் முழுக்க 32 ஃபேஷன் வீக்குகள் நடப்பதாகவும் அதே அறிக்கை எண்ணியிருக்கிறது. தென்னாப்பிரிக்க ஃபேஷன் வீக் 1997இல் தொடங்கியது. நைஜரில் வடிவமைப்பாளர் அல்ஃபாதி 1998இல் பாலைவனத்திலேயே ஃபிமா விழாவை நடத்தினார். அடாமா பாரிஸ் 2002இல் செனகலின் டக்காரிலும், ஓமோயெமி அகெரெலே 2011இல் நைஜீரியாவின் லாகோசிலும் ஃபேஷன் வீக் தொடங்கினார்கள். இவற்றில் நிலைத்து நிற்பவை மேடையை மட்டும் நம்பவில்லை. இளம் வடிவமைப்பாளருக்குப் பயிற்சி, வாங்குபவருக்கு அழைப்பு, உள்ளூர் நெசவாளருக்கு வேலை ஆகிய மூன்றையும் மேடையோடு சேர்த்துக் கட்டின.

நாள் குறிப்பதற்கு முன் வாங்குபவரைக் குறியுங்கள்

குமரி மாவட்டத்துக் கைத்தறிக்கு மூன்று சந்தை உண்டு. ஒன்று, கேரளத்து ஓணம்: கவணி, நேரியல் (மேல்துண்டு), கசவுக் கரை (ஜரிகைக் கரை) முண்டு. இரண்டு, கல்யாண வீடுகள். மூன்று, சென்னை, பெங்களூர், கொச்சியில் இருக்கும் பூட்டிக் (சிறப்பு ஆடைக்) கடைகள்.

ஓணம் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ வரும். கடைக்காரர் கையில் சரக்கு ஜூலைக்குள் இருக்க வேண்டும். நூல் வாங்கி, சாயம் போட்டு, பாவு (தறியின் நீளவாட்டு இழை) ஓட்டி, நெய்து, தைத்து முடிக்க நான்கு மாதம். ஆகவே ஆர்டர் மார்ச்சுக்குள் கிடைத்தாக வேண்டும், ஷோ பிப்ரவரியில். லாகோஸ் ஃபேஷன் வீக் அக்டோபர் கடைசியை ஒட்டி நடப்பதையும் கவனியுங்கள். அங்கே கல்யாணமும் விருந்தும் குவிவது டிசம்பரில்.

வானிலையும் பிப்ரவரிக்கே ஓட்டுப் போடுகிறது. இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் இது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, பின்னாலேயே வடகிழக்கு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் தோவாளைப் பக்கமோ நாகர்கோவில் கிழக்கிலோ திறந்தவெளி மேடை போட்டால் முந்தானை மாடலின் முகத்தில் இருக்கும். பின்திரை பாய்மரம் ஆகிவிடும். முட்டம், குளச்சல் கடற்கரைகள் படத்துக்கு அழகு. ஆனால் உப்புக்காற்றில் கஞ்சி போட்ட துணி அரை மணி நேரத்தில் துவண்டுவிடும், கூட்ட அனுமதியும் தனித்தனியாக வாங்க வேண்டும். கடற்கரையில் புகைப்படம் எடுங்கள், ஷோவை மண்டபத்துக்குள் வையுங்கள். தை, மாசி முகூர்த்த நாட்களில் மண்டபம் கிடைக்காது. முகூர்த்தம் இல்லாத சனிக்கிழமை மாலை சரியாக வரும். ஞாயிறு வேண்டாம். காலையில் கோயில் ஆராதனை, மதியம் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று பாதிப் பேர் வரமாட்டார்கள்.

கல்யாணச் சந்தையைப் பற்றி நைஜீரியாவில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. யோருபா மக்களிடம் 'அசோ எபி' என்று ஒரு வழக்கம்: கல்யாணமோ துக்கமோ, குடும்பத்தாரும் நண்பர்களும் ஒரே துணியை வாங்கி அவரவர் விருப்பப்படி தைத்துப் போடுகிறார்கள். லாகோஸ் தையற்காரர்கள் பலருக்கு இது வேலை தருகிறது. இங்கும் மணப்பெண்ணின் தோழிகள், மாப்பிள்ளையின் தம்பிமார் ஒரே நிறத்தில் உடுத்துவது பரவிவிட்டது, ஆனால் துணி சூரத்திலிருந்து வருகிறது. ஆறு லுக்குகளை (ஒரு மாடல் ஒருமுறை அணிந்து வரும் முழு உடுப்பே ஒரு லுக்) 'ஒரே பாவு, ஆறு தையல்' என்று வைத்துக் காட்டுங்கள்: பாட்டிக்குச் சேலை, அம்மாவுக்குச் சேலை வேறு முந்தியோடு, தோழிக்குப் பாவாடை சட்டை, அண்ணனுக்கு அரைக்கைச் சட்டை, மாமாவுக்கு முண்டுக்கரை, குழந்தைக்குக் கவுன். எங்கள் கணிப்பில் அரங்கில் உடனடி ஆர்டர் பிடிப்பது இந்தப் பகுதியாகத்தான் இருக்கும்.

தறிக் கணக்கு

சட்டைத்துணி என்றால் ஒரு கைத்தறியில் நாளுக்குச் சுமார் 5 மீட்டர் நெய்யலாம். கட்டம், புட்டா (சிறு பூவேலை) வந்தால் குறையும். சாதாரணக் கரைச் சேலைக்கு ஒன்றரை முதல் இரண்டு நாள் வையுங்கள்.

உங்களோடு 8 தறிகள் இருக்கின்றன என்போம். நாளுக்கு 40 மீட்டர். மாதம் 24 வேலை நாளில் 960 மீட்டர். 44 அங்குல அகலத் துணியில் ஒரு அரைக்கைச் சட்டைக்கு 2.25 மீட்டர் போகும். 300 சட்டைக்கு 675 மீட்டர். சுருக்கம், வெட்டுக்கழிவு, தறிக்குற்றம் சேர்த்து 8 சதவீதம் கூட்டினால் 729. அதாவது நெசவு மட்டும் 18, 19 நாள். அதற்கு முன் நூல் வாங்க, சாயம் போட, பாவு ஓட்ட 10 முதல் 12 நாள். பின்னால் தையல், காஜா, இஸ்திரி. ஆக 300 சட்டைக்கு 45 நாளுக்குக் குறைவாக யாருக்கும் வாக்குக் கொடுக்கக்கூடாது. மழைக்காலமென்றால் 60. சாயமிட்ட சிட்டம் (நூல்கண்டு) காயாது, குழித்தறியில் தண்ணீர் ஊறும்.

ஷோவில் காட்டும் ஒவ்வொரு துணிக்கும் இந்தக் கணக்கு எழுதி இருக்க வேண்டும். எழுத முடியாத துணி, அதாவது கடையில் துண்டு வாங்கித் தைத்தது, மேடைக்கு வரக்கூடாது. மறுபடி கிடைக்காத துணியில் கைதட்டல் வாங்கி என்ன பயன்?

இரண்டு சோதனைகளைத் தறியிலிருந்து இறக்கியதுமே செய்துவிடுங்கள். துணியில் 50 சென்டிமீட்டர் சதுரம் பென்சிலால் வரைந்து, துவைத்து, நிழலில் உலர்த்தி, மறுபடி அளக்கவும். 48.5 வந்தால் 3 சதவீதச் சுருக்கம். 5ஐத் தாண்டினால் வெட்டுவதற்கு முன் முழுத் துணியையும் நனைத்து எடுத்தே ஆக வேண்டும். அடுத்தது சாயம்: ஈரமான வெள்ளைத் துவர்த்து (துண்டு) ஒன்றால் பத்து முறை அழுத்தித் தேய்க்கவும். சிவப்பும் கருநீலமும்தான் பெரும்பாலும் இறங்கும். மாடல் மேடையில் வேர்க்கும்போது அக்குளில் இறங்கும் சாயம், அடுத்து அவர் போடும் வெள்ளை நேரியலில் ஒட்டும்.

யாரை மேடையேற்றுவது

36 லுக் போதும். ஆறு வடிவமைப்பாளர், ஆளுக்கு ஆறு. விண்ணப்பப் படிவத்தில் நான்கு கேள்விகள் கேளுங்கள்: துணி எந்தத் தறியில் நெய்தது, நூல் எண் (நூலின் பருமன் அளவு) என்ன, ஒரு லுக்கின் அடக்க விலை என்ன, 50 உருப்படி கேட்டால் எத்தனை நாள். கடைசி இரண்டுக்கும் பதில் எழுதாதவரை நேரில் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுங்கள். அப்போதும் வராவிட்டால் அடுத்த வருஷம். லாகோசிலும் பங்கேற்பவர்களிடம் மூலப்பொருள், கழிவு பற்றிய கேள்விகள் உண்டு. அந்த வேலைக்காகத்தான் 2025இல் லாகோஸ் ஃபேஷன் வீக்குக்குச் சுற்றுச்சூழலுக்கான எர்த்ஷாட் பரிசு கிடைத்தது.

ஆப்பிரிக்க வடிவமைப்பாளர்களிடம் நம் பிள்ளைகள் பார்க்க வேண்டியது கட்டம் போட்ட கலர் துணியை அல்ல, வேலை செய்த முறையை. லதுமா ங்சொகொலோ தன் கோசா இனத்துப் பாசிமணி வடிவங்களை எடுத்துத் தென்னாப்பிரிக்க மோஹேர் கம்பளி நூலில் ஸ்வெட்டராகப் பின்னினார். மக்ஹோசா என்ற பிராண்ட் அப்படிப் பிறந்தது. நைஜீரியாவின் லிசா ஃபோலாவியோ சந்தையில் கிடைக்கும் அங்காரா (மெழுகு அச்சுத்) துணிமேல் கைவேலையாக மணி தைத்து அதன் மதிப்பை ஏற்றினார். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி ஊர்க்காரரான தெபே மகுகு 2019இல் இளம் வடிவமைப்பாளர்களுக்கான எல்விஎம்எச் பரிசை வென்றார். ஆப்பிரிக்கர் ஒருவருக்கு அது கிடைத்தது அப்போதுதான் முதல்முறை. இதே கேள்வியை இங்கே திருப்பிப் போடுங்கள். நாகர்கோவிலில் 1820களில் மிஷனரி மார்த்தா மால்ட் தொடங்கிய லேஸ் வேலை இன்றும் கையில் இருக்கிறது. அதைத் தலையணை உறையிலிருந்து சட்டைக் காலருக்குக் கொண்டுவர முடியுமா? பனையோலை முடைவின் பின்னலைப் பாவில் கொண்டுவர முடியுமா?

'ஆப்பிரிக்க பிரிண்ட்' வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒரு விளக்கம் தேவைப்படும். மெழுகு அச்சுத் துணி ஜாவாவின் பாத்திக்கைப் பார்த்து ஐரோப்பிய ஆலைகள் செய்தது. ஹாலந்தின் விலிஸ்கோ 1846 முதல் இருக்கிறது. அதைச் சொந்தமாக்கிக்கொண்டது மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைப் பெண்கள். கானாவின் கெந்தே, நைஜீரியாவின் அசோ ஓகே, மாலியின் சேற்றுச்சாயத் துணி போகோலான் ஆகியவை அங்கேயே கையால் செய்பவை. கெந்தே நெசவு 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதன் வடிவத்தை விசைத்தறியில் அடித்துப் போடுவது, நம் தறிக்காரர் வயிற்றில் மற்றவர் அடிப்பதையே நாம் திருப்பிச் செய்வதாகும். உண்மையான தொடர்பு வேண்டுமானால் அது நம் பக்கமே இருக்கிறது: சென்னைக் கரையிலிருந்து போன மெட்ராஸ் கட்டம் துணி நூற்றாண்டுகளாக நைஜீரியாவின் நைஜர் டெல்டாவில் வாழும் கலபாரி மக்களின் சடங்குத் துணி. பிறப்பு முதல் இறப்பு வரை அதற்கு இடம் உண்டு. கலபாரிப் பெண்கள் அதில் சில இழைகளைப் பிளேடால் அறுத்து உருவி எடுத்துப் புது வடிவம் ஆக்குவார்கள். நம் கட்டம் துணியில் அந்த முறையை அவர்கள் பெயரைச் சொல்லி ஒரு லுக் செய்வது கௌரவமான வேலை.

தீம் வைக்கும்போது ஒரு எச்சரிக்கை. 'திருவிதாங்கூர் ராஜ காலம்' என்று அழகாகப் பெயர் வைத்துவிடலாம். தோள்சீலைப் போராட்டம் நடந்த மண் இது; மேலாடை உடுத்தும் உரிமைக்கு 1859 வரை காத்திருந்த குடும்பங்களின் பேத்திகள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வரலாற்றைத் தெரிந்து கையாளுங்கள், அல்லது வேறு தீம் எடுங்கள்.

வரிசையும் நேரமும்

40 அடி ரேம்ப் என்றால் 12 மீட்டர். மாடல் போய்ச் சேர 10 வினாடி, முனையில் நிற்க 3, திரும்ப 10. முன்னவர் முனையைத் தாண்டித் திரும்பியதும் அடுத்தவர் வெளியே வர வேண்டும். ஆகவே 15 வினாடிக்கு ஒருவர். 36 லுக்குக்கு 9 நிமிடம். தொடக்கமும் கடைசி அணிவகுப்பும் சேர்த்து 12. குறைவு என்று பயப்படாதீர்கள். 20 நிமிடத்தைத் தாண்டினால் கூட்டம் போனை எடுத்துவிடும்.

மாடல் எண்ணிக்கைதான் எல்லோரும் சறுக்கும் இடம். செலவைக் குறைக்க 12 பேரை வைத்து ஆளுக்கு மூன்று லுக் என்று போட்டால் ஒருவரின் இரண்டு வருகைக்கு நடுவே 180 வினாடி. நடை 25, திரும்ப வரிசையில் நிற்க 45 போனால் உடை மாற்ற 110 வினாடிதான் மிச்சம். அதற்குள் சேலை உடுத்தவே முடியாது. 18 பேர், ஆளுக்கு இரண்டு என்றால் இடைவெளி 270. மாற்ற 200 வினாடி, அதாவது மூன்று நிமிடம் இருபது வினாடி. தைத்த உடைக்கு அது தாராளம்.

சேலை, முண்டு நேரியல் எல்லாம் ஒவ்வொரு மாடலுக்கும் முதல் சுற்றில் வரட்டும். இரண்டாம் சுற்றில் சேலை வந்தே தீர வேண்டுமென்றால் கொசுவத்தை முன்கூட்டியே தைத்து, இடுப்புப் பட்டையில் மூன்று கொக்கி வைத்து, முந்தியை மடித்துப் பின் குத்தி வையுங்கள். 60 வினாடியில் ஏறிவிடும். 'தைத்த சேலையா, அது சேலையா?' என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல்: நைஜீரியாவின் ஷாதே தாமஸ் ஃபாம் 1960களிலேயே சுற்றிக் கட்டும் இரோவை ஜிப் வைத்த பாவாடையாகவும், தலைக்கட்டு கேலேயை முன்பே கட்டித் தயாரானதாகவும் மாற்றி விற்றார். வேலைக்குப் போகும் பெண்கள் வாங்கினார்கள். ஷோவில் வசதிக்காகத் தைத்ததையே விற்பனைக்கும் வைக்கலாம்.

அளவுப் பார்வை ஷோவுக்கு ஏழு நாள் முன்னால், செருப்போடு. செருப்பில்லாமல் முண்டின் நீளம் பார்த்தால் மேடையில் தடுக்கும். புதுச் செருப்பின் அடியை உப்புத்தாளால் தேயுங்கள். அளவு சந்தேகமென்றால் ஒரு எண் பெரியதாக எடுத்துக் குதியில் பட்டை வையுங்கள். சிறியதைப் போட்டு நடப்பவர் முகத்தில் வலி தெரியும்.

ரேம்ப், விளக்கு, மின்சாரம்

8க்கு 4 அடி, 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை பத்து. அகலம் 8 அடி வருமாறு குறுக்கே அடுக்கினால் சரியாக 40 அடி. எதிரெதிரே இருவர் உரசாமல் போக இந்த அகலம் வேண்டும். கீழே இரும்புச் சட்டத்தில் 2 அடிக்கு ஒரு தாங்கு. இல்லாவிட்டால் நடுவில் துள்ளும். இருபுறமும் இரண்டு வரிசை நாற்காலி மட்டுமானால் உயரமே வேண்டாம், தரையிலேயே நடக்கட்டும். பலகைச் செலவே மிச்சம், துணியின் நெசவும் பக்கத்தில் தெரியும். மூன்றாவது வரிசை வந்தால் ஒன்றரை அடி உயர்த்துங்கள். பலகை இணைப்புகளில் துணி டேப் ஒட்டாவிட்டால் குதிகால் மாட்டும். பளபள வினைல் விரிக்காதீர்கள், வழுக்கும். விளக்கும் அதில் பட்டுக் கேமராவில் அடிக்கும். கார்ப்பெட் விரித்தால் ஓரம் முழுக்க இருபக்க டேப்.

தோவாளைப் பூ பக்கத்தில் இருக்கிறதே என்று ரேம்ப் ஓரமெல்லாம் சாமந்தி கொட்டாதீர்கள். மிதிபட்டால் கறை, நசுங்கினால் வழுக்கல். மாணிக்கமாலை என்ற தோவாளைப் பூமாலை ஒன்றிரண்டை நுழைவாயிலில் தொங்கவிட்டால் ஊர் அடையாளமும் ஆயிற்று, துணிக்கும் பாதுகாப்பு.

கல்யாண மேடை விளக்குக்காரர் நீலம், ஊதா, பச்சை என்று சுழற்றுவார். வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள். மஞ்சள் ஒளியில் அவுரி நீலம் கறுப்பாகும், ஊதாவில் கசவு செம்பாகும். வாங்குபவர் பார்ப்பது நிறத்தைத்தான். ஒரே அளவு வெள்ளை, 5,600 கெல்வின் (பகல் வெளிச்ச நிறம்), முன்னாலிருந்து இருபுறமும் 45 பாகையில். மலிவு எல்இடியை முந்தின நாளே சோதிக்க வேண்டும்: கேமராவை 1/250 வினாடியில் வைத்துப் பத்துப் படம் எடுங்கள். குறுக்குக் கோடு விழுந்தால் விளக்கை மாற்றச் சொல்லுங்கள். அந்த வேகத்துக்குக் கீழே போனால் நடையில் கால் கலங்கும். எஃப் 4, ஐஎஸ்ஓ 1,600இல் படம் தெளிவாக வருகிற அளவு வெளிச்சம் இருந்தால் போதும். புகைப்படக்காரர்களுக்கு ரேம்ப் முனைக்கு நேரே 2 அடி உயர மேடை; வேறெங்கும் நிற்கவிடாதீர்கள்.

மின்கணக்கு: 200 வாட் விளக்கு 20 என்றால் 4 கிலோவாட். ஒலி 3. பின்னறையில் இரண்டு நீராவி இஸ்திரி 3. மொத்தம் 10 கிலோவாட். ஆகவே 15 கேவிஏ ஜெனரேட்டர் எடுங்கள். இஸ்திரியை ஒலியோடு ஒரே ஃபேஸில் போட்டால் ஷோ நடுவில் ட்ரிப் ஆகும். அது எப்போதும் மூன்றாவது வடிவமைப்பாளரின் முதல் லுக்கில்தான் நடக்கும்.

மேக்கப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுவோம், அது விளக்கோடு சேர்ந்த விஷயம். நம்மூர் பியூட்டி பார்லர் வழக்கம் முகத்தை இரண்டு படி வெளுப்பாக்குவது. வெள்ளை விளக்கில் அது சாம்பலாகத் தெரியும், கழுத்தும் கையும் வேறு ஆளுடையதாக இருக்கும். கழுத்து நிறத்துக்கே ஃபவுண்டேஷன் போடச் சொல்லுங்கள். டக்கார், லாகோஸ் மேடைப் படங்களை மேக்கப்காரரிடம் காட்டினால் கருமையான தோலில் கடுகு மஞ்சளும் தூய வெள்ளையும் எப்படி எடுக்கின்றன என்று வாயால் விளக்க வேண்டியிருக்காது.

திரைக்குப் பின்னால்

ஒரு மாடலுக்கு ஒரு கம்பி ஸ்டாண்டு. ஒவ்வொரு ஹேங்கரிலும் அளவுப் பார்வையில் எடுத்த முழுப் படம் தொங்க வேண்டும், லுக் எண்ணோடு. நகை, செருப்பு, உள்பாவாடை எல்லாம் அந்த எண் எழுதிய ஜிப் பையில். இரண்டு மாடலுக்கு ஓர் உடுத்துநர்; சேலை உடுத்தத் தெரிந்த அக்காமார் நான்கு பேர் தனி. தரையில் வெள்ளைத் துப்பட்டி விரியுங்கள், முண்டு தரையில் படாது. தலைவழியாகப் போடும் உடைக்கு முன் முகத்தில் மெல்லிய துணியைப் போட்டுவிட்டால் காலரில் லிப்ஸ்டிக் ஒட்டாது. ஊசி நூல் வெள்ளை, கறுப்பு, சந்தன நிறத்தில் கோத்தே வைத்திருக்க வேண்டும். கோக்க நேரம் கிடைக்காது. காப்பியும் மிக்சரும் அந்த அறைக்குள் வரவே கூடாது.

நாகர்கோவில் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. கைத்தறியோடு சேரும்போது மேடைக்கு வேறு நகை தேவைப்படாது. ஆனால் கல் பதித்த நகையின் பின்பக்கக் கம்பி நேரியலின் இழையைப் பிடித்து இழுக்கும். பின்பக்கம் மெல்லிய துணிப்பட்டை தைத்துக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாம் சுற்றில் கழுத்து நகையை மாற்றாதீர்கள், காதணியை மட்டும். எந்த நகை யாரிடம் என்று ஒரே ஒருவர் நோட்டில் கையெழுத்து வாங்கிக் கொடுத்து வாங்கட்டும்.

வரிசையில் அனுப்பும் ஆள் ஒருவர்தான். அவருக்கும் இசைக்காரருக்கும் நடுவே ஹெட்செட், அல்லது குறைந்தபட்சம் இரண்டு போன், தொடர்ந்து இணைப்பில். ஒரு லுக் தயாராகவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. அடுத்ததை அனுப்பிவிட்டு விடுபட்டதை அந்த வடிவமைப்பாளரின் கடைசியில் சேருங்கள்.

பாட்டும் அனுமதியும்

சினிமாப் பாட்டு போட்டால் ஒலிப்பதிவுக்குப் பிபிஎல், பாடல் வரி, இசைக்கு ஐபிஆர்எஸ் என்று இரண்டு உரிமம் பார்க்க வேண்டும். வீடியோவை இணையத்தில் ஏற்றினால் ஒலி நிறுத்தப்படுவதும் உண்டு. களியல் (கோலாட்ட வகை) அடிப்பவர்களையோ சிங்காரி மேளக்காரர்களையோ அழைத்து நிமிடத்துக்கு 110 அடி வேகத்தில் தொடர்ச்சியாக வாசிக்கச் சொல்வது நல்ல வழி. ஒரு நிபந்தனை: வேகம் ஏற்றக் கூடாது. மேளக்காரர் உற்சாகத்தில் வேகம் கூட்டினால் மாடல் ஓட வேண்டிவரும், 15 வினாடிக் கணக்கு உடையும். ஒருவர் காதில் மெட்ரோனோம் (தாள வேகம் காட்டும் கருவி) இருக்கட்டும்.

காவல் நிலையத்தில் எழுத்து மூலம் அனுமதி. இரவு 10க்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. 18 வயதுக்குக் குறைந்த மாடலுக்குப் பெற்றோர் கையெழுத்தும், எல்லா மாடலிடமும் படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதக் கடிதமும் வாங்குங்கள். தீயணைப்பான் மேடைப்பக்கம் ஒன்று, பின்னறையில் இஸ்திரிப் பக்கம் ஒன்று.

ஷோ முடிந்த அந்த ஒரு மணி நேரம்

முன்வரிசை வாங்குபவருக்கு. எம்எல்ஏ, தொழிலதிபர், நன்கொடையாளர் எல்லோரும் எதிர்ப்பக்கம் உட்காரட்டும். குத்துவிளக்கும் பொன்னாடையும் ஷோவுக்கு முன்னால் பத்தே நிமிடத்தில் முடியட்டும். வாங்குபவர் ஒவ்வொருவர் நாற்காலியிலும் ஒரு தாள்: லுக் எண், சிறு படம், துணி, நூல் எண், அளவுகள், மொத்த விலை, சில்லறை விலை, குறைந்தபட்ச ஆர்டர், நாட்கள்.

விலையில் நடக்கும் பெரிய பிழை, கண்காட்சியில் நேரடியாக விற்கும் விலையையே கடைக்காரருக்கும் சொல்வது. பூட்டிக் கடைக்காரர் பெரும்பாலும் விற்பனை விலையில் 40 முதல் 50 சதவீதம் எதிர்பார்ப்பார். நூல், கூலி, தையல், பேக்கிங் எல்லாம் சேர்ந்து 700 ரூபாய் அடக்கமான சட்டையைக் கடைக்கு 1,050க்குக் கொடுத்தால் அங்கே 2,000 பக்கம் விற்கும். நீங்களே நாகர்கோவிலில் 1,100க்கு விற்றுக்கொண்டிருந்தால் அந்தக் கடைக்காரர் ஒரே வாரத்தில் கண்டுபிடித்து ஆர்டரை ரத்து செய்வார். சில்லறை விலை எங்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

ஷோ முடிந்ததும் உடைகள் அதே ஸ்டாண்டில், அதே எண் வரிசையில் பக்கத்து அறைக்குப் போகட்டும். வாங்குபவர் தொட்டுப் பார்க்க வேண்டும். கைத்தறியைத் தொடாமல் யாரும் வாங்குவதில்லை. தறிக்காரர் ஒருவரும் அங்கே நிற்கட்டும், இந்தக் கரையை வேறு நிறத்தில் போட முடியுமா என்ற கேள்விக்கு வடிவமைப்பாளரைவிட அவர் பதில்தான் நம்பகமானது. ஆர்டர் எழுதும்போதே 50 சதவீத முன்பணம். அதில்தான் நூல் வாங்குவீர்கள்.

வெளிநாட்டு ஆர்டர் பேச்சு வந்தால், அது நைரோபியோ லாகோசோ, இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணை முன்பே வாங்கி வைத்திருப்பது நல்லது. கைத்தறி ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சிலின் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. முதல் சரக்கை 20, 30 உருப்படியாகக் கூரியரில் அனுப்புங்கள். கண்டெய்னர், தூத்துக்குடி என்றெல்லாம் யோசிப்பது மூன்றாவது ஆர்டருக்குப் பிறகு.

வந்த ஆர்டர்களை மூன்று நாளுக்குள் ஒரே தாளில் கூட்டி மேலே போட்ட தறிக் கணக்கோடு ஒப்பிடுங்கள். 8 தறியில் மாதம் 960 மீட்டர். ஆர்டர் 1,500 மீட்டரானால் யாருக்கு முதலில், யாருக்கு அடுத்த மாதம் என்று தேதி போட்டு எல்லோருக்கும் அன்றே தகவல் அனுப்பிவிடுங்கள். விசைத்தறித் துணியைக் கலந்து எண்ணிக்கையை நிரப்பச் சொல்லி யாராவது ஒருவர் யோசனை சொல்வார். கைத்தறி முத்திரை ஒட்டி அப்படி அனுப்பினால் ஓரத்துக் கரையைப் பார்த்தே கொச்சிக் கடைக்காரர் பிடித்துவிடுவார். பெட்டி திரும்பி வரும், வண்டி வாடகையும் உங்கள் தலையில்தான்.